கையெழுத்துப் போடும் கைகளுக்கு: வெளிநாட்டுச் சம்பந்தம் செய்த மலாக்காத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வெளிநாட்டில் பெண் எடுத்த, மாப்பிள்ளை எடுத்த குடும்பத்தாருக்கு,

மலேசியரை மணந்து வந்த வெளிநாட்டவர் இந்த நாட்டில் தங்கியிருப்பது இரண்டு தாள்களின் பலத்தில். ஒன்று, தேசியப் பதிவிலாகா தரும் திருமணப் பத்திரம். மற்றது, குடிநுழைவுத் துறை கடப்பிதழில் பதியும் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். பேச்சுவழக்கில் ஸ்பவுஸ் விசா. முதல் தாள் இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. இரண்டாவது தாளோ, மலேசியத் துணை உடன் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால்தான் நீளும். சிவகங்கையிலிருந்து ஜாசினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கும், ஹாட்யாயிலிருந்து அலோர் காஜாவுக்கு வந்த தாய்லாந்துப் பெண்ணுக்கும், மெர்லிமாவில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கும் தமிழ்நாட்டு இளைஞருக்கும் நிலை ஒன்றுதான். எத்தனை ஆண்டு உங்களோடு ஒரே பானையில் உண்டாலும், சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் கையெழுத்தை நம்பியிருக்கும் விருந்தாளி. அந்தக் கையெழுத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பற்றியதே இம்மடல்.

கடல் கடந்த சம்பந்தம் மலாக்காவுக்குப் புதிதல்ல. சுல்தானகக் காலத்தில் வாணிபத்துக்கு வந்த தமிழர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உருவான செட்டிச் சமூகம் இன்றும் காஜா பெராங்கில் வாழ்கிறது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. அந்த மணமக்களிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை. தாளின் கனத்தைத் தோட்டத்து மக்கள் உணர்ந்தது பிற்காலத்தில்தான். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கியபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். கணவர் இங்கே, மனைவி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நீங்கள், தாள் விஷயத்தில் அசட்டையாக இருப்பதுதான் விளங்காத புதிர்.

முதலில் திருமணப் பதிவு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் (சட்டம் 164) 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவானால்தான் திருமணம். அக்கினி சாட்சியாகத் தாலி ஏறியிருந்தாலும், பதிவு இல்லையென்றால் சட்டப்படி அந்தப் பெண் மனைவியல்லர். பதிவுக்கு விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். வெளிநாட்டுத் துணை, தாம் திருமணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகத்தின் சான்றைக் கொண்டுவர வேண்டும். ஆகவே கோயிலில் நாள் குறித்த பிறகு பதிவிலாகாவுக்கு ஓடுவது தலைகீழ் வேலை. திருமணத்தைப் பதிய அதிகாரம் பெற்ற துணைப் பதிவதிகாரிகள் சில கோயில்களிலேயே இருக்கிறார்கள். அங்கே சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடியும்.

பதியாமல் விட்டதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் பிள்ளைகள். கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, சட்டப்படியான மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை பாயாது. தாயின் நிலையே பார்க்கப்படும். அப்பா மூன்று தலைமுறையாகப் புக்கிட் ஆசாகானில் பிறந்து வளர்ந்த நீல அட்டைக்காரராக இருக்கலாம். அம்மா இந்தியரோ தாய்லாந்துக்காரரோ ஆகி, குழந்தை பிறந்தபோது திருமணம் பதிவாகாமல் இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்லர்) என்று விழும். பிறகு அவசரமாகப் பதிந்தாலும் அது மாறுவதில்லை. 2021 மே 28 அன்று கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தந்த தீர்ப்பு இதைத்தான் சொன்னது. அந்த வழக்கில் தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். குழந்தை பிறந்த பிறகே பெற்றோரின் திருமணம் பதிவானது. பிந்திய திருமணம் குழந்தையை முறைப்படியான பிள்ளையாக்கும், ஆனால் குடிமகனாக்காது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள் என்பது குடும்பங்களுக்கு ஆறுதல் தரலாம். பள்ளியில் சேர்க்கப் போகும்போது அது உதவாது. பதிய மறந்த சில நூறு ரிங்கிட் வேலைக்காக ஒரு பிள்ளை, அரசியலமைப்பின் 15(2), 15ஏ பிரிவுகளின் கீழ் விண்ணப்பம் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடப்பதை எந்தத் தாத்தா பாட்டியும் விரும்பமாட்டார்கள்.

தமிழ்நாட்டிலோ தாய்லாந்திலோ திருமணத்தை முடித்துவிட்டு வருகிறவர்கள், அங்கே கிடைத்த சான்றிதழ் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது. சட்டம் 164இன் 31ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் மணமுடித்துத் திரும்பும் மலேசியர் நாட்டுக்குள் வந்த ஆறு மாதத்துக்குள் பதிவிலாகாவில் அதைப் பதிய வேண்டும். அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால்தான் விலக்கு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் 90 நாளுக்குள் பதியச் சொல்கிறது. தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை இடம் உண்டு. பெண் வீட்டார் ஊரிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை முடித்து, வெளியுறவு அமைச்சின் சான்றும் மலேசியத் தூதரகச் சான்றும் வாங்கிய பிறகு விமானம் ஏறினால், இங்கே பாதி வேலை குறையும். தாய்லாந்தில் திருமணப் பதிவு ‘ஆம்பூ’ எனப்படும் மாவட்ட அலுவலகத்தில் நடக்கிறது. தாய்லாந்து மொழியில் உள்ள அந்தப் பத்திரத்தை மொழிபெயர்த்து, தாய்லாந்து வெளியுறவு அமைச்சின் முத்திரையும் மலேசியத் தூதரகத்தின் முத்திரையும் பெற வேண்டும். தென்தாய்லாந்துக்காரர்களுக்கு சொங்க்லாவில் மலேசியத் துணைத்தூதரகம் இருக்கிறது. இன்னொன்று: தென்தாய்லாந்தின் எல்லை மாநிலங்களில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். சட்டம் 164 முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மணக்கவிருப்பவர் முஸ்லிம் என்றால் இங்குள்ள ஷரியா சட்டம் குறுக்கே நிற்கும். நிச்சயதார்த்தம் வரை போன பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியல்ல இது.

தோட்டத்திலேயே உண்டாகும் சிக்கல் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் தற்காலிக வேலைப் பெர்மிட்டில் வந்தவர்கள் இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது பெர்மிட்டின் நிபந்தனை. பையன் நம்ம ஊர்க்காரன், நல்லவன், உழைப்பாளி என்று பெண்ணைக் கொடுத்துவிடுகிறீர்கள். கோயிலில் கல்யாணம் நடக்கிறது, பதிவு நடப்பதில்லை. பெர்மிட் முடிகிறது, அல்லது முதலாளி ரத்துசெய்கிறார். மாப்பிள்ளை ஒளிந்து வாழத் தொடங்குகிறார். குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அனுமதிக் காலம் தாண்டித் தங்குவதற்குக் குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழி இல்லாமல் இல்லை. அவர் பெர்மிட்டை முறையாக முடித்து ஊர் திரும்பி, வேலைப் பெர்மிட்டின் நிழல் படாமல் திருமணத்தைப் பதிந்து, கணவர் என்ற முறையில் மீண்டும் வரலாம். ஓராண்டு பிரிவு கசக்கும்தான். தலைமறைவு வாழ்க்கை அதைவிட நீளமானது.

அடுத்த தலைவலி பெயர். தமிழ்நாட்டுக் கடப்பிதழில் ஒற்றைப் பெயர் இருக்கும், குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கும்; அல்லது அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து. இங்கே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). திருமணப் பத்திரத்தில் ஒரு விதம், பாஸில் இன்னொரு விதம், வங்கியில் மூன்றாவது விதம் என்று ஆனால், ஒவ்வொரு கவுண்டரிலும் சத்தியப் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். தாய்லாந்துப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போதும் இதே கூத்து. விதி எளிது: கடப்பிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லாத் தாளிலும் இருக்கட்டும். கடப்பிதழிலேயே பிழை இருந்தால் திருமணத்துக்கு முன்பே திருத்துங்கள். குழந்தையின் பிறப்பை 60 நாளுக்குள் பதியும்போது, அம்மாவின் பெயரையும் அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை வரிசையில் நிற்கும் அப்பாக்கள் பலர், மனைவியின் முழுப்பெயரை எழுதத் தெரியாமல் விழிப்பவர்கள்.

இனி பாஸ். இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரலாம். இந்தச் சலுகை 2026 முடிவு வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்துக்காரர்களுக்கு முன்பிருந்தே 30 நாள் உண்டு. சலுகை சுற்றிப் பார்க்க வருபவருக்குப் போதும். தாள்களைத் தேடிக்கொண்டு வருபவருக்கு 30 நாள் கண்மூடித் திறக்கும் நேரம். பத்திரங்கள் எல்லாம் ஆயத்தமான பிறகே அழைத்து வாருங்கள். விண்ணப்பிக்கும்போது இருவரும் நேரில் இருக்க வேண்டும். தம்பதியரைத் தனித்தனியே கேள்வி கேட்பதும் உண்டு. பாஸ் ஓராண்டுக்கோ, அதற்கு மேல் ஐந்தாண்டு வரையோ கிடைக்கும். ஆனால் கடப்பிதழின் ஆயுளைத் தாண்டி ஓடாது. ஆதலால் காலாவதியாகப் போகும் கடப்பிதழை வைத்துக்கொண்டு பாஸை நீட்டிக்கப் போவது வீண் அலைச்சல். முதலில் கோலாலம்பூர் தூதரகத்தில் கடப்பிதழைப் புதுப்பியுங்கள். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால், ஊரில் திடீரென்று ஒரு சாவு என்றாலும் திருச்சிக்கு விமானம் ஏற முடியும். நீட்டிப்பு முடியாமல், குடிநுழைவுத் துறை இடைக்காலமாகத் தரும் சிறப்புப் பாஸில் நிற்பவர் வெளியே போனால் அதே பாஸில் உள்ளே வர முடியாது. தாயின் முகம் பார்க்கப் போவதா, பிள்ளைகளிடம் திரும்பி வருவதா என்று ஒரு பெண்ணைத் தவிக்க வைப்பது சட்டம் மட்டுமல்ல. போன மாதமே ஆயர் குரோ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகச் சோம்பிய கணவரும்தான்.

வேலையைப் பற்றியும் தவறான பேச்சு நிறைய உலவுகிறது. ஸ்பவுஸ் விசாவில் வேலையே செய்ய முடியாது என்பவர்களும் உண்டு, தாராளமாகச் செய்யலாம் என்பவர்களும் உண்டு. குடிநுழைவுத் துறையிடம் வேலைக்கு அனுமதி கேட்டு அதைக் கடப்பிதழில் பதிந்துகொண்டால் செய்யலாம். பதியாமல் செய்தால் குற்றம். முதலாளிகளில் பலர் ‘வேலை தடை’ என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு ஆளை அனுப்பிவிடுகிறார்கள். உங்களில் கடையோ உணவகமோ நடத்துகிறவர்கள், மருமகளைக் கல்லாவில் உட்கார வைக்கும் முன் இந்தப் பதிவை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் கடை என்பது சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பதிலாகாது.

நிரந்தரவாசத் தகுதிக்கு, பாஸில் ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம். குடியுரிமையில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். மலேசியரின் வெளிநாட்டு மனைவி அரசியலமைப்பின் 15(1) பிரிவில் விண்ணப்பிக்க இடம் உண்டு. வெளிநாட்டுக் கணவருக்கு அந்தப் பிரிவே இல்லை. 12 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்து 19ஆம் பிரிவின் கீழ்தான் கேட்க முடியும். மாப்பிள்ளை எடுத்த வீடுகள் இதை மனத்தில் கொண்டு நிரந்தரவாசத்துக்குச் சீக்கிரம் விண்ணப்பிப்பது நல்லது. மனைவி குடியுரிமை பெறும் இடத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடிமகளானால் இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டும். மணவாழ்வு முறிந்தால் குடியுரிமையைப் பறிக்க வழிசெய்யும் 26(2) பிரிவில், இரண்டாண்டுக் கெடு திருமண நாளிலிருந்து எண்ணப்பட்டது. 2024 அரசியலமைப்புத் திருத்தத்தின்படி குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும். அந்த இரண்டாண்டுக்குள் மணவிலக்கு நேர்ந்தால், இரண்டு நாட்டுக்கும் இல்லாதவளாக அவள் நிற்கக்கூடும்.

அதே திருத்தத்தில் நல்ல செய்தியும் உண்டு. மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தை இயல்பாகவே குடியுரிமை பெற, மலேசியத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு அது மறுக்கப்பட்டு வந்தது. ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் அமைப்பும் சில தாய்மார்களும் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபரில் மக்களவையும் டிசம்பரில் மேலவையும் நிறைவேற்றிய திருத்தம் தாய்க்கும் தந்தைக்கும் ஒரே உரிமையைத் தந்தது. ஆனால் அது முன்தேதியிட்டுப் பாயாது. திருத்தம் நடப்புக்கு வரும் நாளுக்குப் பிறகு பிறப்பவர்களுக்கே உரியது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ முன்பே பிறந்துவிட்ட மகள் வழிப் பேரப்பிள்ளைகள் இன்னும் குடியுரிமைப் பதிவு விண்ணப்பத்தைத்தான் நம்ப வேண்டும். அதற்கான வயது வரம்பையும் 21இலிருந்து 18க்கு அதே திருத்தம் குறைத்திருப்பதால், தள்ளிப்போட நேரமில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகளுக்கு, பிரசவம் மலாக்காவில் ஆகட்டும் என்று சொல்வதே இத்தனை காலமும் பெற்றோர் கண்டறிந்த வழி. அதில் தவறில்லை.

பயணத்தில் சிறு விஷயங்களே ஆளைக் கவிழ்க்கின்றன. பாஸ் இன்னும் கிடைக்காத வெளிநாட்டுத் துணை மலேசியாவுக்குள் வரும் முன் மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். நீண்டகாலப் பாஸ் உள்ளவர்களுக்கு விலக்கு. தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதே போன்ற அட்டையைக் கேட்கிறது. மாமியார் வீட்டுக்குப் போனாலும், மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி ஹாட்யாய் போனாலும் அது வேண்டும். இரண்டும் இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. பிள்ளைகளுக்கு ஒரு கடப்பிதழா இரண்டா என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து இரட்டைக் குடியுரிமையைப் பெரிதாகத் தடுப்பதில்லை, மலேசியா ஏற்பதில்லை. இந்தியத் தாயின் பிள்ளைக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வாங்கினால் அது குடியுரிமை ஆகாது; ஆகவே மலேசியக் குடியுரிமைக்குத் தீங்கில்லை, தாத்தா வீட்டுக்குப் போக ஒவ்வொரு முறையும் விசா எடுக்கவும் தேவையில்லை. பதிவான திருமணம் இரண்டாண்டு நிலைத்த பிறகு, இந்தியக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணையும் ஓசிஐ கேட்கலாம்.

தாய்லாந்திலேயே போய்க் குடியிருக்க நினைக்கும் மலாக்காக்காரர்களுக்கு அந்த நாட்டுக் கணக்கு வேறு. தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவர் ஓராண்டு நீட்டிப்புக்கு, தாய்லாந்து வங்கியில் 400,000 பாட் இருப்பையோ மாதம் 40,000 பாட் வருமானத்தையோ காட்ட வேண்டும். தாய்லாந்து ஆணை மணந்த பெண்ணுக்கு இந்தப் பணக் கட்டுப்பாடு இல்லை. மலேசியா மாப்பிள்ளைகளைக் குடியுரிமையில் ஒதுக்குகிறது, தாய்லாந்து பணத்தில் சோதிக்கிறது. இரண்டு நாட்டுக்கும் ஆண் என்றால் சம்பாதிப்பவன், பெண் என்றால் பின்னால் வருபவள் என்ற ஒரே எண்ணம்தான். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதும் கட்டாயம். நிலம் வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது; மனைவி பெயரில் வாங்கும்போது, அந்தப் பணம் மனைவியின் தனிச்சொத்து என்று கணவர் எழுதித்தர வேண்டும். இபிஎப் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே வீடு கட்டுகிறவர்கள், அப்படி எழுதித்தந்த பிறகு அந்த நிலத்தில் தமக்கு உரிமை இல்லை என்பதை அறிந்தே கையெழுத்திடட்டும்.

வங்கிக்கு வருவோம். அந்நியச் செலாவணி விதிகளில், நிரந்தரவாசம் இல்லாத வெளிநாட்டுத் துணை ‘நாட்டில் வசிக்காதவர்’. மலாக்காவிலேயே பத்து ஆண்டு சமைத்துப் போட்டவரும் அந்தக் கணக்கில் வெளியாள்தான். அவர் திறப்பது வெளிக் கணக்கு. பொதுவாகக் கடப்பிதழ், பாஸ், திருமணப் பத்திரம், துணையின் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். மற்றபடி வங்கிக்கு வங்கி, கிளைக்குக் கிளை வழக்கம் வேறு. ஒரு கிளையில் முடியாதென்றால் இன்னொரு கிளைக்குப் போங்கள். முடியாது என்றார்கள் என்று ஏடிஎம் அட்டையை உங்கள் பெயரில் எடுத்து அவர் கையில் கொடுப்பது தீர்வல்ல. 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த புதிய பிரிவுகள், மற்றவர் கணக்கையும் அட்டையையும் காரணமின்றி வைத்திருப்பதையும் கையாள்வதையும் குற்றமாக்கியுள்ளன. குறிவைத்தது மோசடிக்காரர்களை, ஆனால் கணக்கை இரவல் தருபவரும் மாட்டலாம். கூட்டுக் கணக்கு தொடக்கத்துக்குச் சரி. அவர் பெயரில் தனிக் கணக்கும் ஒன்று இருக்கட்டும். பாஸில் வேலை அனுமதி பெற்றவரின் சம்பளம் அதில்தான் விழ வேண்டும், மாமனார் கணக்கில் அல்ல. வைப்புத்தொகைக்கு பிஐடிஎம் தரும் 250,000 ரிங்கிட் காப்புறுதி அவருக்கும் உண்டு.

ஊரிலுள்ள கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவைவிட்டு இங்கே குடிவந்தவர், கல்லூரி நாளில் திறந்த சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு திறந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துவரலாம். என்ஆர்ஓ வட்டியிலோ 30 விழுக்காடு வரி முதலிலேயே பிடிக்கப்படும். அப்பாவின் வயலில் பங்கு வந்தால் வாங்கிக்கொள்ளத் தடையில்லை. புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. பணம் அனுப்ப உரிமம் பெற்ற நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. உண்டியலில் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பார்கள். 2011ஆம் ஆண்டின் பணச்சேவைச் சட்டத்தின்படி உரிமமில்லாத அந்தத் தொழில் குற்றம், பணம் போய்ச் சேராவிட்டால் புகார் செய்யவும் வாயில்லை. தாய்லாந்துக்குச் சிறுதொகை செலவென்றால், மலேசிய வங்கிச் செயலியிலேயே தாய்லாந்துக் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் செலுத்தலாம்.

சாவைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் பேசாமல் விட்டதால் வீதிக்கு வந்தவர்கள் அதிகமும் வெளிநாட்டு விதவைகள். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரியும்: பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால்; பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மனைவி என்றால் பதிவான மனைவி. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாமற்போகும் என்பதால், எழுதி வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தேதியைப் பாருங்கள். இளவயதில் இபிஎப் நியமனத்தில் அம்மா பெயரை எழுதியவர்கள் அதையும் எடுத்துப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதாருக்கு நியமனத்தில் பெயருள்ளவருக்கே அந்தப் பணம் உரியது; மனைவி அழுது கேட்டாலும் வாரியம் கொடுக்க முடியாது. கணவர் போனதும் ஸ்பான்சரும் போய்விடுவதால், அவளுடைய பாஸுக்கும் ஆதாரம் ஆடிவிடும். பிள்ளைகளின் பத்திரங்களையும் இறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவள் தன் பெயரில் குடிநுழைவுத் துறையை அணுக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பத்திரங்கள் நாத்தனார் அலமாரியில் பூட்டியிருந்தால் என்ன செய்வாள்?

இத்தனையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டத்தின் பெருங்குறை, ஒருவரின் வாழ்க்கையை இன்னொருவரின் கையெழுத்தில் தொங்கவிடுவது. அதை நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். அதுவரை, அந்தக் குறையைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் உங்கள் கையில். பத்திரமாக இருக்கட்டும் என்று மருமகளின் கடப்பிதழை வாங்கி வைக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். மற்றவர் கடப்பிதழைச் சட்டபூர்வமான காரணமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்; 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. மாமியார்களுக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. கடப்பிதழ், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கி அட்டை இவை நான்கும் உரியவர் கையில், உரியவர் அலமாரியில் இருக்கட்டும்.

கோயில் நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால், பதிவிலாகாவின் தாளைப் பார்க்காமல் மண்டபத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். மாநிலத்தில் உள்ள கோயில்கள் இந்த ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டாலே, குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் வரிசை இனி நீளாது. மண்டப வருமானம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கடைசி வேண்டுகோள், மணவாழ்வு கசந்தவர்களுக்கு. சண்டை வந்ததும் ‘கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்குப் போ’ என்பது ஜாசினிலும் மஸ்ஜிட் தானாவிலும் சாதாரணமாகக் காதில் விழும் மிரட்டல். பாஸ் நீளாமல் நின்றால் அவர் சட்டவிரோதமாகிறார். பிள்ளைகளின் பராமரிப்புக்காக நீதிமன்றத்துக்கு நடக்கவும் முடியாதவராகிறார். மணவிலக்கு கேட்பது உங்கள் உரிமை. அதற்கு உயர் நீதிமன்றம் இருக்கிறது. வழக்கு முடியும் வரையாவது ஆயர் குரோவுக்கு உடன் சென்று பாஸை நீட்டித்துக் கொடுங்கள். உங்கள் திருமணப் பத்திரத்துக்கும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்கும் பதிவிலாகாவில் சான்றிட்ட நகல் எடுத்து, கேட்கும் முன்பே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.